"அப்பா, எனக்கு ஒரு பாம்பு வேண்டும்!"

"அப்பா! எனக்கு ஒரு பாம்பு வாங்கித் தாருங்கள்!"

நம் ஊரில் 10 வயதுப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? பாட்டி காதைப் பொத்திக்கொள்வாள். அம்மா ஓடிவந்து நெற்றியில் திருநீறு பூசுவாள். அப்பா பிரம்பைத் தேடுவார்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும்கூட அப்படி இல்லை. அங்கே நாயும் பூனையும் கிளியும் வளர்ப்பதைப் போலப் பாம்பும் வளர்க்கிறார்கள். பாம்பு விற்கும் கடைகள் இருக்கின்றன. பாம்புச் சந்தைகள் கூடுகின்றன. பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே அங்கே ஓர் அப்பா பிரம்பைத் தேடமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்ன பாம்பு?" என்று கேட்பார்.

"மலைப்பாம்பு, அப்பா!"

மலைப்பாம்பா! ஆட்டுக்குட்டியை விழுங்கும் அந்த மலைப்பாம்பா?

பயப்பட வேண்டாம். மலைப்பாம்புகளில் பெரியவையும் உண்டு, சிறியவையும் உண்டு. பையன் கேட்பது சிறியதை. முதன்முதலாகப் பாம்பு வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது அந்தச் சிறிய மலைப்பாம்பைத்தான்.

அது என்ன பாம்பு? அதை எப்படிப் பார்த்து வாங்குவது? வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் ஏன் அவதிப்படுகிறார்கள்? அந்த விவரங்களைப் பார்ப்போம்.

பந்து போலச் சுருளும் பாம்பு

அதன் பெயர் ராஜ மலைப்பாம்பு. அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "பந்து மலைப்பாம்பு". பெயருக்குக் காரணம் உண்டு.

பயம் வந்தால் நாகம் படம் எடுக்கும். விரியன் சீறும். இந்தப் பாம்பு இரண்டையும் செய்யாது. தலையை நடுவில் வைத்து, உடம்பை அதைச் சுற்றிச் சுருட்டி, ஒரு பந்து போல ஆகிவிடும். ஆபத்து போனது என்று தெரிந்த பிறகுதான் மெல்லத் தலையை நீட்டிப் பார்க்கும். கூச்சம் மிகுந்த பிராணி!

இதற்கு விஷம் கிடையாது. எலியைப் பிடித்து, உடம்பால் சுற்றி நெரித்துக் கொன்று விழுங்கும். சிறிய பற்கள் நிறைய உண்டு. கடித்தால் முள் கீறியது போல ரத்தம் கசியும். ஆனால் இது கடிப்பது அபூர்வம்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது குட்டி ஒரு முழத்துக்கும் குறைவான நீளம் இருக்கும். வளர்ந்த ஆண் பாம்பு 3 அடி வாக்கில் இருக்கும். பெண் பாம்பு பெரியது. 4 அடி, 5 அடி கூட வளரும். அவ்வளவுதான்.

கறுப்பும் பழுப்பும் கலந்த உடம்பு. கை வைத்தால் வழவழப்பாகவும் உலர்ந்தும் இருக்கும். "பாம்பு பிசுபிசுப்பாக இருக்கும்" என்பது தொட்டுப் பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு.

மேல் உதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். அவை வெப்பத்தை உணரும் குழிகள். கும்மிருட்டில் எலி எங்கே இருக்கிறது என்பதை, அந்த எலியின் உடம்புச் சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடும்! வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சிறிய நகம் போன்ற முள் இருக்கும். மலைப்பாம்பின் முன்னோர்களுக்குக் கால் இருந்தது. அந்தக் காலின் மிச்சம்தான் இது.

கோயில் உள்ள பாம்பு

இந்தப் பாம்பின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் முதல் கிழக்கே உகாண்டா வரையுள்ள புல்வெளிகளிலும் வயல்களிலும் வாழ்கிறது. பகலில் எலி வளையிலோ கறையான் புற்றிலோ ஒளிந்திருக்கும். அந்தி சாய்ந்த பிறகு வெளியே வரும். எலிகளைத் தின்பதால் விவசாயிக்கு இது நண்பன்.

நாம் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம் அல்லவா? அங்கேயும் அதுபோன்ற பக்தி உண்டு. பெனின் நாட்டில் உய்தா என்ற ஊரில் மலைப்பாம்புகளுக்கு ஒரு கோயிலே இருக்கிறது. அதற்கு எதிரில் பெரிய கிறிஸ்தவ தேவாலயம்! கோயிலிலிருந்து வெளியே போன பாம்பு யார் வீட்டிலாவது நுழைந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் அதை அடிக்கமாட்டார். மரியாதையாகக் கொண்டுவந்து கோயிலில் விடுவார்.

நைஜீரியாவில் இக்போ மக்களில் பலர் இந்தப் பாம்பைப் புனிதமாக நினைக்கிறார்கள். தவறுதலாக ஒருவர் அதைக் கொன்றுவிட்டால், மனிதருக்குச் செய்வது போலப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு.

அப்படிப்பட்ட பாம்பு, கடல் கடந்து அமெரிக்காவின் வரவேற்பு அறைக்கு எப்படி வந்தது?

30 லட்சம் பாம்புகள்!

வியாபாரம்தான் காரணம்.

டோகோ, பெனின், கானா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக இந்தப் பாம்புகள் ஏற்றுமதியாகின்றன. 1975-ம் ஆண்டு முதல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அனுப்பப்பட்டவை 30 லட்சத்துக்கும் மேல்!

பாம்பு பிடிப்பவர்கள் வயல்களில் வளைகளைத் தோண்டிப் பாம்பையும் முட்டையையும் எடுக்கிறார்கள். சினையாக உள்ள தாய்ப் பாம்பைப் பிடித்துவந்து, பண்ணையில் முட்டையிட வைத்து, குட்டிகளை விமானத்தில் ஏற்றுவதும் உண்டு. இதன் விளைவு என்ன? ஒரு காலத்தில் ஏராளமாக இருந்த பாம்பு, இன்று "அழியும் நிலையை நெருங்குகிறது" என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் ஏறியிருக்கிறது.

ஆகவே, பாம்பு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல.

"இது காட்டில் பிடித்ததா? வீட்டில் பிறந்ததா?"

இதுதான் முதல் கேள்வி.

காட்டிலிருந்து வந்த பாம்பின் உடம்பில் உண்ணியும் பூச்சியும் இருக்கும். வயிற்றிலும் புழுக்கள் இருக்கும். பயணத்தில் தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கும். புதிய இடத்தில் மிரண்டுபோய், இரையைத் தொடாமல் கிடந்தே செத்துப்போவதும் உண்டு. வாங்கியவருக்குக் காசு நஷ்டம். பாம்புக்கோ உயிர் நஷ்டம்.

வளர்ப்பவர்களின் வீட்டில் முட்டை பொரிந்து வந்த குட்டி அப்படி அல்ல. அதற்கு மனிதக் கை பழக்கம். என்று பிறந்தது, எத்தனை முறை சாப்பிட்டது, எப்போது சட்டை உரித்தது என்பதெல்லாம் ஒரு சீட்டில் எழுதியிருக்கும். நல்ல வியாபாரி கேட்காமலே அந்தச் சீட்டைக் காட்டுவார். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

மாடு பிடிப்பது போலத்தான்!

நம் ஊர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்துத்தான் மாடு பிடிப்பார்கள். பாம்பு வாங்குவதும் அப்படித்தான்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். உருண்டு திரண்டு இருக்க வேண்டும். முதுகெலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தால் அது பட்டினி கிடந்த பாம்பு.

கண் தெளிவாக இருக்க வேண்டும். கண் பால் போல வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம். சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். சில நாள் கழித்து மறுபடி வந்து பார்த்தால் போதும்.

மூக்கில் நுரையோ, வாயில் கொழகொழப்போ இருக்கக்கூடாது. வாயைத் திறந்துவைத்து மூச்சு விடுகிற பாம்பு நோய்ப் பாம்பு. மூச்சு விடும்போது சத்தம் வந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

செதிலுக்கு நடுவில் மிளகை நுணுக்கித் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் ஊர்கிறதா? தண்ணீர்க் கிண்ணத்தில் அதே புள்ளிகள் மிதக்கிறதா? அவை உண்ணிகள். ஒரு பாம்புக்கு வந்தால் கடையில் உள்ள எல்லாப் பாம்புக்கும் வந்திருக்கும்.

பிறகு கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல குட்டி முதலில் பந்தாகச் சுருளும். சற்று நேரத்தில் தலையை நீட்டும். நாக்கை வெளியே விட்டு விட்டு இழுக்கும். விரல்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊரும். பிடியில் பலம் தெரியும். நனைந்த கயிறு போலத் தொங்கினால் வேண்டாம்.

கடைசிப் பரீட்சை சாப்பாடு. "என் கண் முன்னால் இது இரை எடுக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இந்த இனத்துப் பாம்புக்குச் சாப்பாடுதான் பெரிய சங்கடம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆணா, பெண்ணா? ஆண் சிறியது, சின்ன இடம் போதும். சின்ன வீட்டுக்காரர்கள் ஆணை வாங்குகிறார்கள்.

அழகில் மயங்கக்கூடாது!

கடையில் போய் நின்றால் கண் கூசும். வெள்ளையும் மஞ்சளும் கலந்த பாம்பு, தங்க நிறப் பாம்பு, வெள்ளைத் துணியில் பழுப்பு ஒட்டுப் போட்டது போன்ற பாம்பு! எல்லாம் அதே ராஜ மலைப்பாம்புதான். 1992-ல் அமெரிக்காவில் ஒருவர் வெளிறிய நிறமுள்ள குட்டிகளைப் பிறக்கவைத்தார். அன்று முதல் நிறத்துக்கு நிறம் சேர்த்து ஆயிரக்கணக்கான வகைகளை உண்டாக்கிவிட்டார்கள்.

சாதாரண நிறக் குட்டி சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கும். அபூர்வ நிறக் குட்டிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லா அழகும் நல்லதல்ல. "சிலந்தி" என்ற ஒரு வகை உண்டு. உடம்பெல்லாம் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். பார்க்க மிக அழகு. ஆனால் அந்த அழகோடு ஒரு குறையும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. தலை ஆடிக்கொண்டே இருக்கும். சில பாம்புகளுக்குத் தலை மல்லாந்து திரும்பிவிடும். எலியைக் கொத்தப் போனால் குறி தவறும். "பாவம், அழகுக்காக இப்படி ஒரு பிறவியை உண்டாக்கலாமா?" என்று பாம்புப் பிரியர்களே கேட்கிறார்கள். முதன்முதலாக வாங்குகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே புண்ணியம்.

முதலில் வீடு, பிறகு பாம்பு

"சரி, வாங்கலாம். ஆனால் இன்றைக்கு இல்லை" என்பார் விவரம் தெரிந்த அப்பா.

"ஏன் அப்பா?"

"அதற்கு வீடு வேண்டாமா?"

பாம்பின் உடம்பு நம் உடம்பு போலத் தானாகச் சூடு உண்டாக்காது. வெளியிலிருந்துதான் சூடு வாங்க வேண்டும். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. நோய் வரும். அமெரிக்கக் குளிரில் சூடு இல்லாத பெட்டியில் ஆப்பிரிக்கப் பாம்பை வைப்பது, அதை மெல்லக் கொல்வதற்குச் சமம்.

ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும், மறு பக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான பக்கம் 32 டிகிரி சென்டிகிரேடு. குளிர்ந்த பக்கம் 26 டிகிரி. பாம்பு தனக்கு வேண்டியபோது இங்கும் அங்குமாக மாறிக்கொள்ளும். கூடத்தில் வெயில் பட்டால் நாம் திண்ணைக்குப் போவதில்லையா, அதுபோல!

சூடு கொடுக்க மின்சாரத் தட்டோ விளக்கோ வைப்பார்கள். அதோடு தெர்மோஸ்டாட் என்னும் கருவி அவசியம். சூடு அளவு மீறினால் அது மின்சாரத்தை நிறுத்தும். அந்தக் கருவி வாங்கக் கஞ்சத்தனம் பட்டு, பாம்பின் வயிறு வெந்துபோன சம்பவங்கள் உண்டு. சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தால் போதாது. இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வேண்டும்.

காற்றில் ஈரமும் வேண்டும். ஈரம் குறைந்தால் பாம்புச் சட்டை முழுசாக உரியாது. துண்டு துண்டாகப் பிய்ந்து, கண்ணின் மேலும் வால் நுனியிலும் ஒட்டிக்கொள்ளும். ஈரம் சரியாக இருந்தால் காலுறையைக் கழற்றியது போல முழுச் சட்டையும் ஒரே உரிப்பில் வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒளிந்துகொள்ளும் பொந்து. ஒன்று அல்ல, இரண்டு. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பொந்து உடம்பை ஒட்டினாற்போலச் சின்னதாக இருக்க வேண்டும். சுவர் உடம்பில் பட்டால்தான் இந்தப் பாம்புக்கு நிம்மதி. பெரிய வெற்றுப் பெட்டியில் நடுவில் போட்டால், சந்தையில் தொலைந்த குழந்தை போல மிரளும்.

வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள பெட்டி வேண்டும். மூடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தலை நுழையும் சந்து கிடைத்தால் பாம்பு வெளியே போய்விடும். ஒரு பெட்டியில் ஒரு பாம்புதான். "துணைக்கு இன்னொன்று" என்ற பேச்சே கூடாது. துணை தேடும் பிராணி அல்ல இது.

பெட்டி, தட்டு, கருவிகள் எல்லாம் சேர்த்தால் பாம்பின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். குதிரை விலை கொஞ்சம். லாயத்தின் விலை அதிகம்!

ஐஸ் பெட்டியில் எலி

இப்போது அம்மாவின் முறை.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்று கேட்பாள்.

"எலி, அம்மா."

"எலியை எங்கே வைப்பது?"

இங்கேதான் பல வீடுகளில் பேச்சு முறிந்துவிடும். பாம்புக்கு உயிருள்ள எலியைப் போடுவது நல்லதல்ல. மூலையில் மாட்டிக்கொண்ட எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். ஆகவே முன்பே கொன்று, உறைய வைத்த எலிகளைக் கடையில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அதை வீட்டு ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில்! இதற்கு அம்மா சம்மதித்தால் வீடு சம்மதித்தது என்று அர்த்தம்.

எலியைத் தனிப் பாத்திரத்தில் வெந்நீரில் வைத்து உறைவு நீக்கி, சற்றுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். விரலால் நீட்டினால் விரலும் எலியும் ஒன்றுதான் பாம்புக்கு! பாம்பின் உடம்பில் எந்த இடம் மிகப் பருமனோ, எலி அந்த அளவு இருந்தால் போதும். குட்டிக்கு வாரம் ஒரு முறை. வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அல்லது அதைவிடக் குறைவு. தின்ற பிறகு இரண்டு நாள் அதைத் தொடக்கூடாது. தொந்தரவு செய்தால் கக்கிவிடும்.

இனி அந்தச் சங்கடம். இந்தப் பாம்பு திடீரென்று உண்ணாவிரதம் இருக்கும்! ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல. வளர்ந்த பாம்பு மாதக் கணக்கில் எலியைத் திரும்பிப் பாராமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர் பதறுவார். தினமும் எலியை நீட்டுவார். பாம்பு இன்னும் மிரளும்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் சூடும் ஈரமும் சரியா என்று பார்ப்பது. பொந்து இருக்கிறதா என்று பார்ப்பது. வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து எழுதுவது. எடை குறையாமல் இருந்தால் பொறுத்திருப்பது. எடை இறங்கிக்கொண்டே போனால் டாக்டரிடம் கொண்டுபோவது. பசி எடுத்த நாளில் அதுவே சாப்பிடும்.

கை கழுவுங்கள்!

பாம்பு நல்ல பாம்பாகவே இருக்கலாம். ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். பாம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சின்னக் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

ஆகவே தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளும், 65 வயது தாண்டியவர்களும், நோயால் பலம் குன்றியவர்களும் பாம்பைத் தொடவே வேண்டாம் என்று அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் பாம்பு வளர்க்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பேரன் காலம் வரை

அப்பாவின் கடைசிக் கேள்வி இது:

"உனக்கு இப்போது 10 வயது. இந்தப் பாம்பு 30 வருஷம் இருக்கும். நீ காலேஜுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?"

பையன் விழிப்பான்.

30 வருஷம் என்பது மிகை அல்ல. அதற்கு மேலும் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சிச் சாலைக்கு 1961-ல் ஒருவர் தாம் வளர்த்த ராஜ மலைப்பாம்பைக் கொடுத்தார். 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்தப் பாம்பு எல்லோரையும் திகைக்க வைத்தது. 7 முட்டைகள் இட்டது! அப்போது அதற்கு வயது 62-க்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 15 ஆண்டுகளுக்கு மேலாக அது ஆண் பாம்பின் பக்கமே போகவில்லை. பெண் பாம்பு ஆணின் வித்தை உடம்பில் நெடுநாள் சேர்த்து வைப்பதும் உண்டு. ஆண் துணை இல்லாமலே முட்டையிடுவதும் உண்டு.

1961-ல் அதைக் கொடுத்தபோது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள், முட்டையிட்டபோது தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள்!

கைவிட்ட பாம்பு காட்டை விழுங்கியது

"வளர்க்க முடியாவிட்டால் காட்டில் விட்டுவிட்டால் போகிறது" என்று நினைக்கலாம். அப்படி நினைத்ததன் பலனை ஃபிளாரிடா மாகாணம் அனுபவிக்கிறது.

ராஜ மலைப்பாம்பு அல்ல அது. பர்மா மலைப்பாம்பு. கடையில் வாங்கும்போது அதுவும் கையளவு குட்டிதான். சில வருஷத்தில் 10 அடி தாண்டும். பிறகு 15 அடி. வைத்திருந்தவர்கள் பயந்துபோய்ச் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். தப்பிப் போனவையும் உண்டு. 1992-ல் அடித்த ஆண்ட்ரூ புயலில் பாம்புப் பண்ணை ஒன்று இடிந்து, அங்கிருந்த பாம்புகளும் வெளியேறின.

எவர்கிளேட்ஸ் என்னும் பெரிய சதுப்புக் காட்டில் அவை பெருகின. 2012-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி முடிவு உலகத்தையே திடுக்கிட வைத்தது. அந்தப் பாம்புகள் நெடுநாளாக இருக்கும் பகுதிகளில், ரக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது! 2023-ல் அங்கே பிடிபட்ட ஒரு பாம்பின் நீளம் 19 அடி.

அந்தப் பாம்புகளைப் பிடிக்க யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை! மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் 2017 ஜனவரியில் ஃபிளாரிடாவுக்குப் போனார்கள். கையில் கடப்பாரை, கண்ணில் தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று சுமார் 16 அடி நீளம்! 2023-ல் இருவருக்கும் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது.

ஆசைக்கு வாங்கி அலட்சியமாக விட்டது ஒருவர். அதைப் பிடிக்கக் கடல் கடந்து போனது இன்னொருவர்.

"குழந்தைப் பாம்பு" குழந்தைக்கு அல்ல!

ராஜ மலைப்பாம்பைவிட மெல்லிய, சிறிய மலைப்பாம்புகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் "சில்ட்ரன் மலைப்பாம்பு" என்று ஒன்று இருக்கிறது. 3 அடி வாக்கில் வளரும். "சில்ட்ரன்" என்றால் குழந்தைகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்ற இங்கிலாந்து அறிஞரின் பெயரை 1842-ல் அதற்கு வைத்தார்கள். அவ்வளவுதான். அங்கே அதை வளர்க்கச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். அதே நாட்டில் உள்ள குள்ள மலைப்பாம்பு 2 அடிதான் இருக்கும். உலகத்திலேயே மிகச் சிறிய மலைப்பாம்பு அதுவே.

நம் நாட்டில்?

"அப்படியானால் நாமும் ஒன்று வளர்க்கலாமா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை.

நம் நாட்டு மலைப்பாம்பு, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. அதைப் பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் ஜெயிலுக்குப் போகும் குற்றம். வயலிலோ வீட்டிலோ கண்டால் அடிக்காமல், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பாம்புகளுக்கும் சட்டம் இருக்கிறது. ராஜ மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் சர்க்காரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் கொண்டுவருவது கடத்தல். 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே ஒரு குரங்கு, 2 ஆமைகள், 15 அரச பாம்புகள், 5 ராஜ மலைப்பாம்புகள்! துணிக்குள் சுருட்டி மடக்கிக் கொண்டுவரும் இப்படிப்பட்ட பயணத்தில் எத்தனையோ பிராணிகள் வழியிலேயே சாகின்றன. வாங்குகிறவர் இருப்பதால்தானே கடத்துகிறவர் இருக்கிறார்?

பாம்பைப் பார்க்க ஆசை என்றால், கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. குடும்பத்தோடு போகலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆசை தீரப் பார்க்கலாம்.

காலிப் பெட்டி

அமெரிக்கப் பையனின் கதை என்ன ஆகும்?

நல்ல அப்பாவாக இருந்தால், முதலில் பெட்டியை வாங்குவார். சூட்டுத் தட்டை வைப்பார். இரண்டு பொந்துகளையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வைப்பார். பாம்பை வாங்கமாட்டார். பையன் கையில் ஒரு நோட்டைக் கொடுப்பார்.

"ஒரு மாதம். தினமும் காலையிலும் மாலையிலும் இரண்டு பக்கத்துச் சூட்டையும் பார்த்து எழுது. கிண்ணத்துத் தண்ணீரை மாற்று. ஒரு நாள் கூடத் தவறக்கூடாது."

"பாம்பே இல்லையே, அப்பா!"

"இருப்பதாக நினைத்துக்கொள்."

பல பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சலித்துப்போவார்கள். நோட்டு மூலையில் கிடக்கும். பெட்டியை விற்றுவிடலாம். நஷ்டம் கொஞ்சம்தான், ஒரு உயிர் தப்பியது.

ஒரு சில பிள்ளைகள் மட்டும் முப்பது நாளும் எழுதி முடித்து, நோட்டை அப்பாவின் முன்னால் வைப்பார்கள். அவர்களோடு அப்பா கடைக்குப் போகலாம். அங்கே பையன் கேட்கும் முதல் கேள்வி விலையாக இருக்காது.